இருபத்தைந்தாயிரமும் எழுநூற்றைம்பதும்

கோலாலம்பூரின் செந்தூலில் இரண்டு விதமான மின்ரயில் ஓடுகிறது. கொமுட்டருக்கு மின்சாரம் தலைக்கு மேலே போகும் கம்பியில் வருகிறது: 25,000 வோல்ட், மாறுமின்னோட்டம். நடக்கிற தூரத்திலுள்ள எல்ஆர்டி நிலையத்தில் அண்ணாந்து பார்த்தால் கம்பியே இருக்காது. அங்கே ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே மூன்றாவதாக ஒரு தண்டவாளம் படுத்திருக்கிறது. அதில் 750 வோல்ட், நேர்மின்னோட்டம். செந்தூலுக்கும் போர்ட் கிள்ளானுக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது 1995-இல். எல்ஆர்டி செந்தூலை எட்டியது 1998-இல். நீராவி எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய பணிமனையையும், அதில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களின் வரிசை வீடுகளையும் சுற்றி வளர்ந்த ஊர் இது. கரிப்புகை போய், டீசல் வந்து, மூன்றே ஆண்டு இடைவெளியில் இரண்டு மின்சாரமும் வந்து சேர்ந்துவிட்டன.

இந்த இரண்டில் எது பொல்லாதது என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் பெரிய எண்ணைக் காட்டுவார்கள். ஆனால் அந்த 25,000 வோல்ட் கம்பியில் காக்கை வந்து உட்காரும், இறகைக் கோதும், பறந்து போகும். தரையில் நிற்கிற ஒருவர் கால் தவறி அந்த 750 வோல்ட் தண்டவாளத்தை மிதித்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை. பள்ளி ஆய்வுக்கூடத்திலோ, ஐந்தாம் படிவ மாணவர்கள் இதைப்போல நான்கு மடங்கு வோல்ட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு சோதனை செய்கிறார்கள். வோல்ட் என்ற ஒற்றை எண்ணை வைத்து இதையெல்லாம் புரிந்துகொள்ள முடியாது. எந்த இரு இடங்களுக்கு நடுவே அத்தனை வோல்ட், அது எவ்வளவு தூரத்தில் பரவிக் கிடக்கிறது, அதன் பின்னால் எவ்வளவு மின்னூட்டம் காத்திருக்கிறது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

மின்னூட்டத்தில் தொடங்கலாம். அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரான் எதிர் மின்னூட்டம் கொண்டது, புரோட்டான் நேர் மின்னூட்டம் கொண்டது. இரண்டும் சம அளவில் இருக்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. நம் உடம்பும் அப்படித்தான், தண்டவாளமும் அப்படித்தான். சமநிலை துளி குலைந்தால்தான் மின்சாரம் தன் முகத்தைக் காட்டும். மின்னூட்டத்தை அளக்கும் அலகு கூலம். 1785-இல் மின்விசையை முறுக்குத் தராசில் அளந்து விதி கண்ட பிரெஞ்சுக்காரரின் பெயர் அது. ஒரு கூலம் என்பது ஏறத்தாழ 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்களின் மின்னூட்டம். தலா ஒரு கூலம் ஏறிய இரண்டு உருண்டைகளை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் அவற்றுக்கிடையே உள்ள விசை சுமார் ஒன்பது லட்சம் டன் எடைக்குச் சமம். அப்படி வைக்க முடியாது என்பதுதான் இதற்கு அர்த்தம். ஒரு கூலம் மின்னூட்டம் ஒரே இடத்தில் தனியாகக் குவிந்து நிற்காது, பிய்த்துக்கொண்டு ஓடிவிடும்.

அப்படியானால் கொமுட்டர் கம்பிமேல் எவ்வளவு ஏறியிருக்கிறது? கம்பியின் விட்டம் 12 மில்லிமீட்டர், தரையிலிருந்து உயரம் ஐந்தரை மீட்டர் என்று வைத்துக்கொண்டு, மேலே தொங்கும் தாங்கு கம்பியை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், ஒரு மீட்டர் நீளக் கம்பியில் கூடுதலாக இருப்பது சுமார் ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான்கள். மலைக்க வைக்கும் எண்தான். ஆனால் அதே ஒரு மீட்டர் செம்புக்குள் இயல்பாகவே நடமாடிக்கொண்டிருக்கும் எலக்ட்ரான்களோடு ஒப்பிட்டால், எட்டு லட்சம் கோடிக்கு ஒன்றுதான் கூடுதல். கூலத்தில் சொன்னால் ஒரு கூலத்தின் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இத்துனூண்டு மிகைதான் பாதையோரத்து ‘பஹாயா’ (ஆபத்து) பலகைக்குக் காரணம். அதுவும் நிலையாக இருப்பதில்லை. மாறுமின்னோட்டம் என்பதால் விநாடிக்கு 50 முறை எலக்ட்ரான் ஏறி மிகையாகிறது, 50 முறை வடிந்து குறையாகிறது.

மின்னூட்டம் கம்பியிலேயே இருக்கிறது; விளைவு மட்டும் சுற்றியுள்ள வெளியில் பரவுகிறது. இதைச் சொல்ல ஒரு கருத்து தேவைப்பட்டது. மைக்கேல் ஃபாரடே கணக்கில் பெரிய ஆளில்லை, ஆனால் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வரிசை கட்டுவதைப் பார்த்துப் பார்த்து, காலியான வெளியிலும் ஏதோ ஒரு நிலை இருக்கிறது, அதுதான் விசையைக் கடத்துகிறது என்று நம்பினார். அந்த நிலைதான் மின்புலம். ஓரிடத்தில் ஒரு கூலம் மின்னூட்டத்தை வைத்தால் அதன்மேல் எவ்வளவு விசை, எந்தத் திசையில் இருக்கும் என்பதே அந்த இடத்து மின்புலம். அங்கே ஒன்றையும் வைக்காவிட்டாலும் புலம் இருந்துகொண்டுதான் இருக்கும். கண்ணால் பார்க்க முடியாததை ஒப்புக்கொள்ளச் சொல்வதால் மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான். வாய்பாட்டை மனப்பாடம் செய்து தாண்டிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் அடுத்த பாடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

இந்தத் தடுமாற்றத்துக்கு நம் எஸ்பிஎம் பாடத்திட்டத்திலேயே அருமையான மருந்து இருக்கிறது. இரண்டு உலோகத் தகடுகளை நேருக்கு நேராக ஒரு சாண் கூட இல்லாத இடைவெளியில் நிறுத்தி, உயர் அழுத்த மின்வழங்கியின் இரு முனைகளையும் அவற்றில் இணைப்பார்கள். நடுவே எரியும் மெழுகுவர்த்தியை வைத்து அழுத்தத்தை ஏற்றினால், நிமிர்ந்து எரிந்துகொண்டிருந்த சுடர் இரண்டு பக்கமும் இழுபட்டுப் பரவும். பெரிய நாக்கு எதிர்த் தகட்டின் பக்கம் சாயும், சிறியது நேர்த் தகட்டின் பக்கம். சூட்டில் காற்று நேர் அயனியாகவும் எலக்ட்ரானாகவும் பிரிந்து கிடக்கிறது. கனத்த நேர் அயனிகள் எதிர்த் தகட்டுக்குப் போகும்போது சுடரையும் கூடவே தள்ளிக்கொண்டு போகின்றன. எலக்ட்ரானுக்கு அந்தத் தள்ளும் கனம் இல்லை. வாயால் ஊதாமல், விசிறி இல்லாமல், ஒரு தீ பக்கவாட்டில் படுப்பதைப் பார்த்த பிள்ளைக்கு மின்புலம் என்பது வெறும் சொல்லாக இருக்காது. மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டு, உலோகப் பூச்சு பூசிய பாலிஸ்டிரீன் உருண்டையை நூலில் தொங்கவிட்டு ஒரு தகட்டில் தொடவைத்தால் இன்னும் வேடிக்கை. தொட்ட தகட்டின் மின்னூட்டத்தை வாங்கிக்கொண்டு, அதனாலேயே அங்கிருந்து விரட்டப்பட்டு, எதிர்ப்பக்கம் போய் மோதி, அங்கே மின்னூட்டம் மாறி, மறுபடி இங்கே ஓடிவரும். டக், டக், டக் என்று நிற்காமல் ஆடும். தகடுகளை இன்னும் கிட்டே நகர்த்தினால் ஆட்டம் வேகமெடுக்கும். வழங்கியில் காட்டும் வோல்ட் அப்படியே இருக்க, வேகம் மட்டும் ஏன் கூட வேண்டும்?

இங்கேதான் மின்னழுத்தம் உள்ளே வருகிறது. மின்புலம் தள்ளும் விசை என்றால், மின்னழுத்தம் அந்த விசை செய்யும் வேலை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒரு கூலம் மின்னூட்டத்தைக் கொண்டுபோக எத்தனை ஜூல் ஆற்றல் வேண்டும் என்ற கணக்குத்தான் வோல்ட். ஆகவே ஓர் இடத்துக்கு இத்தனை வோல்ட் என்று தனியாகச் சொல்வதில் பொருளில்லை. எந்த இடத்தோடு ஒப்பிட்டு என்பது எப்போதும் கூடவே வரும். கொமுட்டர் கம்பியின் 25,000, தரையோடும் தண்டவாளத்தோடும் ஒப்பிட்டது. பத்துமலைப் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 272 படி ஏறினால் குகை. அடிவாரத்துக்கும் குகைக்கும் உள்ள உயர வித்தியாசம் மின்னழுத்தம் என்றால், படிக்கட்டின் செங்குத்து மின்புலம். அதே உயரத்துக்கு மலையைச் சுற்றி நீண்ட சாய்வுப் பாதை போட்டிருந்தாலும் காவடி எடுத்துப் போகிறவர் ஏறும் உயரம் ஒன்றுதான்; செங்குத்து மட்டும் குறைந்திருக்கும். ஏறுகிற கூட்டம் மின்னூட்டம். தகடுகளை நெருக்கி வைப்பது அதே உயரத்தைக் குறுகிய தூரத்தில் ஏறச் சொல்வது. 3,000 வோல்ட்டை 6 சென்டிமீட்டரில் அடக்கினால் மீட்டருக்கு 50,000 வோல்ட். 3 சென்டிமீட்டரில் அடக்கினால் மீட்டருக்கு ஒரு லட்சம். உருண்டை உணர்வது செங்குத்தை மட்டும்தான்.

பத்துமலையைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போகக்கூடாது. 1891-இல் அங்கே கோயில் எழக் காரணமாக இருந்த தம்புசாமிப் பிள்ளைதான், சுரங்க அதிபர் லோக் இயூவோடு சேர்ந்து 1894-இல் ரவாங்கிலுள்ள ஈயச் சுரங்கத்தில் நீர் இறைக்க மின்னாக்கி வைத்தவர். மலாயாவில் மின்சாரம் உற்பத்தி செய்ததற்குப் பதிவாகியிருக்கும் முதல் செய்தி அதுவே. மறு ஆண்டில் கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் மின்விளக்கு எரிந்தது. 2010-இல் கொமுட்டர் பாதையைச் செந்தூலிலிருந்து பத்துமலைவரை நீட்டினார்கள். இன்று தைப்பூசத்துக்கு அந்த ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இந்தத் தொடர்பு தெரியும் என்று தெரியவில்லை. நம் பாடநூல்கள் தம்புசாமியைக் கோயில் கட்டியவராகவே நிறுத்திவிடுகின்றன.

சரி, கம்பிக்கு வருவோம். 25,000 வோல்ட்டை ஐந்தரை மீட்டரால் வகுத்தால் மீட்டருக்குச் சுமார் 4,500 வோல்ட். இந்தச் சராசரியை நம்பினால் ஏமாந்து போவோம். தட்டையான தகடுகளுக்கு நடுவே சரிவு ஒரே சீராக இருக்கும். மெல்லிய கம்பியைச் சுற்றி அப்படி இருக்காது. கம்பியை ஒட்டிய காற்றில் சரிவு சென்டிமீட்டருக்கே 5,500 வோல்ட். அங்கிருந்து கீழே இறங்க இறங்க அது மளமளவென்று தணிகிறது. கம்பியிலிருந்து வெறும் 25 சென்டிமீட்டர் கீழே வருவதற்குள் 25,000-இல் பாதி தீர்ந்துவிடுகிறது. மீதிப் பாதி, எஞ்சிய ஐந்தே கால் மீட்டரில் பரந்து கிடக்கிறது. தரைமட்டத்தில் மிஞ்சும் புலம் மீட்டருக்கு 1,200 வோல்ட் அளவுதான். பொதுமக்களுக்கு 50 ஹெர்ட்ஸ் மின்புலத்தில் உலக அளவில் ஏற்கப்பட்ட வரம்பு மீட்டருக்கு 5,000 வோல்ட். அதற்குள் இது அடங்கிவிடுகிறது.

காற்று பொறுக்கும் எல்லை சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட். அதைத் தாண்டினால் காற்றே அயனிகளாக உடைந்து பொறி பாயும். கம்பியை இன்னும் மெல்லியதாக இழுத்தால் அதை ஒட்டிய சரிவு கூடும். நாடெங்கும் போகும் 275 கிலோவோல்ட், 500 கிலோவோல்ட் தடங்களில் ஒரே கம்பிக்குப் பதில் இரண்டு, நான்கு கம்பிகளைச் சேர்த்துக் கட்டுவது இதனால்தான். கட்டாகச் சேரும்போது மின்சாரத்தின் கண்ணுக்கு அது பருமனான ஒரே கம்பி. விளிம்பில் செங்குத்து குறைகிறது. ஈரக்காற்று அடிக்கும் மாலையில் அந்தக் கோபுரங்களின் கீழே கேட்கும் உஸ்ஸென்ற சத்தம், மழைத்துளியின் நுனியில் அந்த எல்லை அங்கங்கே மீறப்படுவதன் சத்தம். கூர்மையான எதுவும் புலத்தைத் தன் நுனியில் குவித்துக்கொள்ளும். உலோகத்தாள் பலூனோ, நனைந்த பட்டத்து நூலோ, தோளில் சாய்த்த கொடிக்கம்பமோ கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை. கிட்டே போனாலே ஐந்தரை மீட்டரில் பரவியிருந்த வோல்ட் அத்தனையும் மிச்சமிருக்கும் சிறு இடைவெளியில் வந்து நெருக்கும்.

காக்கைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்பது இப்போது எளிது. அதன் இரு கால்களுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் செம்பு. ரயில் மும்முரமாக மின்சாரம் இழுக்கும் நேரத்தில்கூட அந்தத் துண்டின் இரு முனைகளுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. தரையோடு ஒப்பிட்டால் காக்கையும் 25,000 வோல்ட்டில்தான் இருக்கிறது. ஆனால் அது தரையைத் தொடுவதில்லை.

இனி 750. ஒரு ரயிலுக்குப் பதினைந்து லட்சம் வாட் திறன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 25,000 வோல்ட்டில் கொடுத்தால் 60 ஆம்பியர் போதும். 750 வோல்ட்டில் கொடுக்க 2,000 ஆம்பியர் ஓட வேண்டும். கடத்தியில் வீணாகும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே கடத்தியாக இருந்தால் விரயம் ஆயிரம் மடங்குக்கு மேல். ஆகவே எல்ஆர்டிக்குக் கம்பி போதாது, தடித்த தண்டவாளமே வேண்டும். நெடுந்தூரம் அனுப்பவும் முடியாது, துணை மின்நிலையங்களை அடுத்தடுத்து நட வேண்டும். இவ்வளவு சிரமம் எதற்கென்றால், காலடியில் இருக்கும் கடத்திக்குக் கிடைக்கும் இடைவெளி சில சென்டிமீட்டர்தான். மழைநீர், சேறு, காய்ந்த இலை, எலி எல்லாம் வந்துபோகும் அந்த இடைவெளியில் 25,000 வோல்ட்டை வைத்தால் தினமும் வெடிதான். மேலே போனால் வோல்ட்டை ஏற்றலாம், கீழே வந்தால் இறக்கியாக வேண்டும். இரண்டு ரயில்களுக்கும் இரண்டு எண்கள் வந்த கதை இவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்து 3,000 வோல்ட் உயிரை எடுக்காததற்கும் விடை இங்கேயே இருக்கிறது. அந்த வழங்கியால் சில மில்லியாம்பியருக்கு மேல் கொடுக்க முடியாது. அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். கை பட்டதும் அதன் அழுத்தம் சரிந்துவிடும். 750 வோல்ட் தண்டவாளம் சரியாது. மனித உடம்பு இழுக்கும் மின்னோட்டம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வீட்டு வயர்மேன்களுக்கு இது பழகிய விஷயம். வாட்டர் ஹீட்டருக்கு அவர்கள் 10 மில்லியாம்பியர் கசிவிலேயே விழும் பாதுகாப்புச் சுவிட்சைப் பொருத்துகிறார்கள். அது எத்தனை வோல்ட் என்று பார்ப்பதில்லை. போன மின்னோட்டமும் திரும்பி வந்ததும் சமமா என்று மட்டும் பார்க்கிறது.

போகிற போக்கில் ஒன்று. கம்பியில் எலக்ட்ரான்கள் செந்தூலிலிருந்து பத்துமலைக்கு ஓடுவதாக நினைத்தால் தவறு. 60 ஆம்பியர் ஓடும்போது ஒவ்வொரு எலக்ட்ரானும் இருந்த இடத்திலேயே மயிரிழையின் பருமனில் இருநூறில் ஒரு பங்கு தூரம் முன்னும் பின்னும் அசைகிறது. ரயிலை இழுக்கும் ஆற்றல் கம்பியைச் சுற்றியுள்ள புலத்தின் வழியே ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் போகிறது. ஃபாரடே நம்பிய அந்தக் காலி வெளிதான் உண்மையில் வேலை செய்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்புலத்தைப் பற்றிப் பேசிவிட்டு இடியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. உலகிலேயே இடிமின்னல் மிகுந்த இடங்களில் ஒன்று இது. வெயில் தெளிந்த நாளில்கூடத் தரைக்கு மேலே காற்றில் மீட்டருக்கு நூறு வோல்ட்டுக்குக் குறையாத மின்புலம் இருக்கிறது. நாம் நிற்கும்போது உச்சந்தலைக்கும் பாதத்துக்கும் இடையே 150, 200 வோல்ட் இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் உடம்பு ஒரு கடத்தி. துளி மின்னூட்டம் இடம் மாறி உள்ளே எல்லாம் ஒரே அழுத்தமாகிவிடுகிறது. பிற்பகலில் மேகம் திரண்டதும் நிலைமை மாறும். மேகத்துக்குள் பனித்துகளும் மென்பனிக் கட்டியும் உரசி, கனத்த கட்டிகள் எதிர் மின்னூட்டத்தோடு கீழே தங்க, தரைமட்டப் புலம் மீட்டருக்குப் பத்தாயிரம் வோல்ட் அளவுக்கு எகிறும்.

மின்னல் திடலில் விழுந்தால் அதன் மின்னோட்டம் மண்ணில் எல்லாப் பக்கமும் பரவுகிறது. 30,000 ஆம்பியர் மின்னல் ஓரளவு ஈரமான மண்ணில் இறங்கினால், 20 மீட்டர் தள்ளி நிலத்தில் உருவாகும் புலம் மீட்டருக்குச் சுமார் 1,200 வோல்ட். கொமுட்டர் கம்பிக்குக் கீழே நாம் பார்த்த அதே எண். அங்கே பயணிகள் ஒன்றும் உணராமல் நிற்கிறார்கள். இங்கே மாடு செத்து விழும். கம்பிக்குக் கீழே இருப்பது காற்று. நம் உடம்பு வழியே ஓடுவதற்கு அங்கே மின்னூட்டம் கிடைப்பதில்லை. திடலிலோ மண்ணில் பாய்ந்துகொண்டிருக்கும் மின்னூட்டம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கத் தயாராக இருக்கிறது. மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் ஒன்றரை மீட்டர் என்றால் 1,800 வோல்ட், நடுவே இதயம். கால்களைச் சேர்த்துக் குந்தியிருக்கும் மனிதனுக்கு அதில் சிறு பங்குதான். வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் படுக்காதே, காலைச் சேர்த்துக் குந்து என்பது இந்தச் சரிவுக் கணக்கிலிருந்து வந்த அறிவுரை. அதைவிட மேல், காருக்குள் ஏறிக் கதவை அடைப்பது. உலோகக் கூட்டுக்குள் புலம் நுழையாது என்று ஃபாரடே 1836-இலேயே ஓர் அறையளவு கூட்டைக் கட்டி உள்ளே உட்கார்ந்து காட்டியிருக்கிறார்.

ஆனால் மின்னல் தொடங்கும் விதத்தில் கணக்கு இடறுகிறது. பலூன்களை அனுப்பி இடிமேகங்களுக்குள் அளந்த மின்புலங்கள் பெரும்பாலும், காற்று உடையத் தேவையான எல்லையில் பத்தில் ஒரு பங்கைத்தான் எட்டுகின்றன. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதைக் கழித்துப் பார்த்தாலும் பற்றாக்குறை நீங்குவதில்லை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் ஒன்று வேகமான எலக்ட்ரான்களைக் கிளப்பிவிட, அவை அடுக்கடுக்காகப் பெருகிப் பாதை போடுகின்றன என்பது ஒரு கட்சி. நீண்ட பனித்துகள்களின் நுனியில் புலம் குவிந்து அந்த ஓரிடத்தில் மட்டும் எல்லை மீறுகிறது என்பது இன்னொரு கட்சி. செந்தூலிலிருந்து தெற்கே, செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் மின்னல் ஆய்வுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. தட்டையான உலோகத் தகடுகளை ஏரியலாக வெளியில் வைத்து, ஒவ்வொரு மின்னலின்போதும் தரைமட்டப் புலம் விநாடியின் பத்துலட்சத்தில் ஒரு பங்குக்குள் எப்படித் துள்ளுகிறது என்று பதிவு செய்வது இத்துறையின் அன்றாட வேலை. மெழுகுவர்த்திச் சோதனைக்கு வைத்த தகடுகளுக்கு இவை தூரத்து உறவு. அங்கே நாம் வோல்ட்டைக் கொடுத்துப் புலத்தை உண்டாக்கினோம். இங்கே மேகம் புலத்தைக் கொடுக்க, தகட்டில் ஏறும் வோல்ட்டைப் படித்து, பல கிலோமீட்டர் மேலே எத்தனை கூலம் இடம் மாறியது என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள்.